எழுபத்தைந்து டிகிரி

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்கு ‘டிகிரி அக்கா’ என்று பெயர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு இப்படியொரு பட்டமா என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளுடைய ஏப்ரனின் மேல்பையில் பேனா செருகியிருப்பது மாதிரி ஒரு தெர்மாமீட்டர் எப்போதும் இருக்கும். அறுநூறு பேருக்குச் சமைக்கிற இடத்தில், இறைச்சி வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்தோ விரலால் அழுத்தியோ முடிவு செய்கிற பழக்கம் அவளிடம் இல்லை. அண்டாவில் இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, அதன் நடுவில் ஊசியைச் செருகி, முள் நகராமல் நிற்கும்வரை காத்திருப்பாள். எழுபது டிகிரி வந்தால் போதும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் எழுபத்தைந்து வராமல் அடுப்பை அணைத்ததில்லை.

“எழுபதுன்னு சொன்னவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவான். இங்க ஒருத்தனுக்கு வயிறு கெட்டா என்னைத்தானே கேப்பாங்க” என்பாள்.

பதினாறு வருஷமாக அவள் கைச் சமையலைச் சாப்பிட்டு ஒருவர்கூட மருத்துவமனைக்குப் போனதில்லை. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள் என்றாலும் அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

அந்த வருஷம் குளிர் முழுதாக விலகுவதற்குள் பன்றிக் காய்ச்சல் வந்தது. முதலில் எங்கோ கடல் தாண்டி இருந்தது, பிறகு பக்கத்து ஊருக்கு வந்தது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி: வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள், நீளமான ஒரு குழி, அதை நோக்கி எதுவும் தெரியாமல் நடந்து போகிற பன்றிகள். மறுநாள் கேன்டீனில் இறைச்சி அண்டா தொட்டது தொட்டபடி திரும்பி வந்தது. அன்றைக்குச் சமைத்தது ஆட்டிறைச்சி. ஆனால் பயத்துக்கு எந்த மிருகம் என்ற கணக்கெல்லாம் கிடையாதே. அறுநூறு பேரும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு எழுந்து போனார்கள்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்து சுவரில் ஒட்டப்பட்டது. இந்தக் காய்ச்சல் மூச்சுக் காற்று வழியாகவும் இருமல் தும்மல் வழியாகவும் பரவுகிறது என்பது அதன் முதல் வரி. நடுப்பகுதி எழுபது டிகிரிக்கு மேல் வேகவைத்த இறைச்சியைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்பது இரண்டாவது வரி. முதல் வரியை எல்லாரையும் போல அவளும் தாண்டிப் போனாள். இரண்டாவது வரியில் அவளுடைய எண் இருந்தது.

அடுத்த நாள் மதியம் அவளே ஒரு தட்டில் நாலைந்து துண்டுகளை வைத்து எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். ஒவ்வொரு மேசையிலும் எல்லார் முன்னாலும் ஊசியைக் குத்தி முள்ளைக் காட்டினாள்.

வெல்டிங் பிரிவில் ஒருவன் இருந்தான், வாய் சும்மா இருக்காது. “அக்கா, பன்னிக்குக் காய்ச்சல்னா இதைப் பன்னி வாயில வெச்சுல்ல பாக்கணும். எங்க தட்டுல எதுக்குக் குத்தறீங்க?” என்றான்.

“உன் வாயில வெச்சுப் பாக்கட்டுமா? காலையிலேர்ந்து உளறிட்டே இருக்கியே.”

மேசை முழுதும் சிரித்தது. முதல் துண்டை அவன்தான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். ஒரு வாரத்தில் அண்டாக்கள் காலியாகித் திரும்பின. மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். ஒரு சின்ன ஊசியை வைத்துக்கொண்டு அறுநூறு பேருடைய பயத்தை விரட்டிவிட்டோம் என்ற நினைப்போடு அன்றைக்கு அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். சலவைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். கீழேயிருந்து வருகிற ஆவியில் ஜன்னல் கண்ணாடிகள் பாதி நாள் மங்கியே கிடக்கும். தம்பிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அவளுக்கு அப்போது இருபது. அதற்கப்புறம் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “எங்க, நேரமே கிடைக்கலை” என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவாள். தம்பி இப்போது கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி இழைத்துப் பொருத்துகிற வேலை. நிதானமான கை அவனுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய கணையம் வீங்கி அழுகி, ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற நீர் இனிமேல் அவனுக்குச் சுரக்காது என்று டாக்டர் சொன்னார். அதனால் ஒவ்வொரு வேளையும் முதல் வாய் சாப்பிடும்போதே இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். ஒரு பாதி பழுப்பு, மறு பாதி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் கூடு மாத்திரைகள். உள்ளே கடுகைவிடச் சிறிய மணிகள். அதை விழுங்கினால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டும். விழுங்காவிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் வந்த வழியே போய்விடும். அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு நாளுக்கான மாத்திரைகளை ஏழு அறையுள்ள டப்பாவில் போட்டு வைப்பது அக்காவின் வேலை. நாற்பத்தைந்து கிலோவாக வீட்டுக்கு வந்தவன் ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தான்.

மாத்திரை வாங்க மருந்துக் கடைக்கு அவள் போன அன்றைக்கு, முன்னால் நின்றிருந்த ஒருவர் கடைக்காரரிடம் வழக்காடிக்கொண்டிருந்தார். மாத்திரைக் கூடெல்லாம் மிருகத்தின் எலும்பிலிருந்து செய்கிறார்களாமே, இந்தக் காய்ச்சல் நேரத்தில் எப்படி நம்பிச் சாப்பிடுவது என்று. கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் ஒருவரைச் சமாதானப்படுத்த இன்னொருவரை இழுக்கிற பழக்கம் அவருக்கு.

“கூட்டுக்கே இப்படிப் பயந்தா எப்படி சார்? இதோ, இந்தம்மா வாங்கற மருந்து பன்னியோட கணையத்துலேர்ந்தே எடுக்கறது. இவங்க தம்பி ரெண்டு வருஷமா சாப்பிடறாரு. கல்லு மாதிரி இருக்காரு” என்றார்.

வழக்காடியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக மாதம் தவறாமல் வாங்குகிற மருந்தின் பெயர், அந்த நிமிஷம் தெரியாத ஊரின் பெயர் போல இருந்தது.

அந்த ஆள் போன பிறகு கேட்டாள். “நிஜமாவா?”

“அட, இதுக்குப் போய் முகம் மாறுதே. எல்லாம் கம்பெனியிலேயே சுத்தம் பண்ணித்தான் வருதும்மா.”

“சுத்தம்னா… வேகவெப்பாங்களா?”

“ஏதோ பண்ணுவாங்க.”

“எத்தனை டிகிரில?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “அது எனக்கு எப்படிம்மா தெரியும்? கம்பெனிக்காரனைத்தான் கேக்கணும்.”

அவர் அந்த ஒரு கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால், தப்பான எண்ணாக இருந்திருந்தாலும் பரவாயில்லை, அவள் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ‘ஏதோ பண்ணுவாங்க’ என்பது அவள் சமையலறையில் செல்லாத பதில்.

தம்பியிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கவே இல்லை அவள். மருத்துவமனையில் ஒருமுறை மருந்துப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை எடுத்து, பொடி எழுத்தில் போட்டிருந்த பக்க விளைவுகளை எல்லாம் படித்துவிட்டு இரண்டு நாள் வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் கிடந்தவன் அவன். பன்றி என்று தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுவான். நிறுத்தினால் செத்துப் போவான். நிறுத்தாவிட்டால் காய்ச்சல் வந்து செத்துப் போவான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வழி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வெளியே கிளம்பியதும் சமையலறைக் கதவைச் சாத்தினாள். ஞாயிறுதோறும் அவன் டீச்சரைப் பார்க்கப் போவான். கண்ணாடி மாற்ற வந்த இடத்தில் பழக்கமான கணக்கு டீச்சர். ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவான். நாற்பத்திரண்டு மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து, மணிகளை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டினாள். பழைய தோல் செருப்பின் வாடை போல ஒன்று லேசாக வந்தது. அதுவே அவளுக்குச் சாட்சியாகப் போய்விட்டது. வேகாத ஒன்றின் வாடை அவளுக்குத் தெரியாதா? கிண்ணத்தை ஆவிப் பாத்திரத்துக்குள் வைத்து மூடி, மூடியின் துளை வழியாக ஊசியை இறக்கினாள். எழுபத்தைந்து. அதற்கு மேலும் பத்து நிமிஷம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மணிகளைக் காகிதத்தில் பரப்பி ஜன்னலோரம் உலர்த்தி, விரலால் உருட்டிப் பிரித்து, காகிதப் புனல் செய்து மறுபடி கூடுகளில் நிரப்பி மூடினாள். முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப் போயிற்று. ஆனால் டப்பாவின் ஏழு மூடிகளையும் டப் டப்பென்று அழுத்தியபோது, அண்டா காலியாகத் திரும்பிய அன்றைக்கு வந்த அதே நிம்மதி வந்தது.

“இந்தத் தடவை மாத்திரை ஒரு மாதிரி மங்கலா இருக்கே” என்றான் தம்பி, மூன்றாம் நாள் சாப்பிடும்போது.

“கம்பெனியில கூட்டை மாத்தியிருப்பான்” என்றாள்.

அவன் விழுங்கினான். அக்கா கொடுத்தால் எதையும் விழுங்குவான் அவன்.

முதல் வாரத்திலேயே வயிறு உப்புசம் என்றான். வெளியில் எதையோ தின்றிருப்பான் என்று அவள் திட்டினாள். இரண்டாம் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை கழிப்பறைக்குப் போனான். நான்காம் வாரம் பெல்ட்டில் ஆணியைச் சுட வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டான். சாப்பாடு என்னவோ நன்றாகத்தான் சாப்பிட்டான், பசி பசி என்றுதான் இருந்தான். சாப்பிடுவது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. ஐம்பத்தெட்டு ஐம்பத்து நாலாயிற்று. ஐம்பத்து நாலு ஐம்பதாயிற்று.

டாக்டர் மாத்திரையை இரண்டிலிருந்து மூன்றாக்கினார். அவள் அறுபத்து மூன்று மாத்திரைகளை வேகவைத்தாள். அவன் இன்னும் இளைத்தான். அவன் இளைக்க இளைக்க, காய்ச்சல் அவன் உடம்புக்குள் எங்கோ பதுங்கியிருக்கிறது, எழுபத்தைந்து போதவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. எண்பத்தைந்துக்கு ஏற்றினாள். பத்து நிமிஷத்தை இருபதாக்கினாள். ஊசியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். வேண்டிக்கொள்கிறாளா, எண்ணுகிறாளா என்று அவளுக்கே தெரியாது.

கண்ணாடிக் கடையில் அவன் கையிலிருந்து இரண்டு லென்ஸ் நழுவி உடைந்தது. முதலாளி, கொஞ்ச நாள் வீட்டில் இரு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் தெரிகிறது, ஒன்றரை மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நிழல் என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவதை நிறுத்தினான். ஏன் என்று அக்கா கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு அவன் முடி வெட்டிக்கொள்ளக் கீழே போயிருந்த நேரத்தில் டீச்சரே வந்தாள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஜன்னலோரம் காகிதத்தில் மணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அக்கா அவசரமாக ஒரு துண்டை எடுத்து அவற்றின் மேல் போட்டாள்.

“என்னக்கா காயுது?”

“ஒண்ணுமில்ல, சமையலுக்கு ஏதோ விதை. உக்காரும்மா.”

டீச்சர் அந்தத் துண்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

“எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்குக்கா. பஸ்ல எட்டு மணி நேரம். ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும். அங்க ஒரு கண்ணாடிக் கடையில பேசி வெச்சோம். கல்யாணத்தை முடிச்சுட்டுப் போயிடலாம்னு அவர்தான் சொன்னாரு. உங்ககிட்ட நல்ல நேரம் பாத்துச் சொல்றேன்னாரு. சொன்னாரா?”

“இல்ல.”

“இப்ப வேணாங்கறாரு. எனக்கு விருப்பமில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. அது பொய்னு எனக்குத் தெரியும். ஆனா பொய்யை எத்தனை தடவை பொய்னு சொல்லிட்டிருக்கறது? எங்க வீட்ல வேற ஒரு இடம் பாத்து வெச்சுக்கிட்டு நெருக்கறாங்க.” பையின் வாரை விட்டுவிட்டு, “நோயாளியோ என்னவோ, எனக்குப் பரவாயில்லக்கா. அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு. மாத்திரை எடுத்துக் குடுக்க எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னா அவர் கேப்பாரு. போயிட்டு வாடான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றாள்.

அக்கா துண்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் இரண்டு மணிகள் வெளியே தெரிந்தன. எட்டு மணி நேரத் தூரத்தில் வேறொரு சமையலறையில், இதையெல்லாம் யார் வேகவைப்பார்கள் என்று முதலில் நினைத்தாள். அப்படித்தான் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குள் முதலில் நடந்தது வேறு. இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று நெஞ்சில் தளர்ந்தது. அவன் போகப் போவதில்லை.

“அவன் உடம்பு தேறட்டும்மா. இந்த நெலமையில நான் எப்படி அனுப்பறது?”

டீச்சர் தலையாட்டினாள். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதையும் குடித்தாள். படியிறங்கும்போது திரும்பி, தான் வந்ததைச் சொல்ல வேண்டாம் என்றாள். அடுத்த வாரம் ஊரைவிட்டுப் போனாள்.

ஒன்றரை மாதம் முடிவதற்குள் தம்பி பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தான். மருத்துவமனைத் தராசு நாற்பத்தாறு என்று காட்டியது. குளுக்கோஸ் ஏற்றி, வார்டில் படுக்க வைத்து, கூழாகக் கரைத்த சாப்பாடு கொடுத்தார்கள். மாத்திரையும் அங்கேயே கொடுத்தார்கள், அவர்கள் கையிருப்பிலிருந்து. வீட்டு மாத்திரையைக் கொண்டுவந்து தரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வெளி மருந்து இங்கே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வேகாத மாத்திரையை அவன் விழுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் வராந்தாவில் போய் நின்றாள்.

மூன்றாம் நாள் உப்புசம் குறைந்தது. ஐந்தாம் நாள் இன்னொரு தட்டு சாப்பாடு கிடைக்குமா என்று நர்ஸிடம் கேட்டான். ஒன்பதாம் நாள் மறுபடி ஸ்கேன் எடுத்ததில் அந்த நிழல் பழைய தழும்பு என்று தெரிந்தது. டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“வீட்ல மாத்திரையை எங்கம்மா வெக்கறீங்க?”

“சமையல் ரூம்ல.”

“அடுப்புப் பக்கமா?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“அதான் விஷயம். இது மத்த மாத்திரை மாதிரி இல்லம்மா. சூடும் ஈரமும் சேர்ந்து பட்டா செத்துப் போயிடும். மூணு மாசமா நீங்க வெறும் தூளைத்தான் குடுத்திருக்கீங்க. சாப்பிட்டது எதுவும் ஒட்டலை.”

காதுக்குள் ஆவிப் பாத்திரத்தின் சத்தம் கேட்டது அவளுக்கு. “டாக்டர், அது பன்னியிலேர்ந்து எடுக்கறதாமே. அந்தக் காய்ச்சல்…” என்றாள்.

“யார் சொன்னா? மாத்திரையால எல்லாம் அது வராதும்மா. செய்யற இடத்துலயே அதுக்கு வேண்டியதைப் பண்ணித்தான் அனுப்பறாங்க. ஃப்ளூ மூச்சுல வர்றது. நீங்க தினம் நெருக்கியடிச்சு வர்றீங்களே பஸ்ஸு, அங்கதான் வரும்.” சீட்டில் எதையோ எழுதினார். “அடுப்புப் பக்கத்துலதானே வெச்சிருந்தீங்க?”

“ஆமா டாக்டர்.”

அந்தப் பொய்யை அவள் உண்டாக்கவில்லை. டாக்டர் நீட்டினார், வாங்கிக்கொண்டாள்.

கட்டிலில் தம்பி சிரித்தான். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. “அடுப்புப் பக்கமா வெச்சே? உன் தெர்மாமீட்டரை அந்த டப்பாவுலயும் ஒரு தடவை குத்திப் பாத்திருக்கலாம்ல?” என்றான். பிறகு, தான் சாகப் போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தவன் போல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, போனோடு வராந்தாவின் கடைசிக்குப் போனான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரமே பேசி முடித்துவிட்டான். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து, போர்வையின் மடிப்பை நீவிவிட்டான்.

“கல்யாணம் அடுத்த மாசம் இருபதாம் தேதியாம். வாழ்த்துச் சொன்னேன்” என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளைத் தேற்றுவதே அவனுக்கு வேலையாகிவிட்டது. அவள் தட்டைக் கீழே வைக்கும்போது, கதவைத் திறக்கும்போது, சும்மா நிற்கும்போது எல்லாம் சொன்னான். “விடுக்கா. யாரோட தப்பும் இல்ல. ஒரு டப்பா தப்பான எடத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். நீ ஏன் இப்படி ஆயிட்டே?” அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. பதினோரு நாள் தாங்கினாள். பன்னிரண்டாம் நாள், காலை ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“டப்பா அடுப்புப் பக்கம் இல்லடா. அலமாரியிலதான் இருந்துச்சு.”

முதலிலிருந்து சொன்னாள். மருந்துக் கடை, கிண்ணம், ஊசி, காகிதப் புனல். அவள் முடித்ததும், “எத்தனை டிகிரி?” என்றான்.

“எழுபத்தஞ்சு. நீ எளைக்க ஆரம்பிச்சதும் எண்பத்தஞ்சு.”

“நல்லா வெந்திருக்கும்.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கீழே சலவை இயந்திரம் சுற்றுகிற சத்தம் தரை வழியாக ஏறி வந்தது.

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லலை?”

“பன்னியோடதுன்னு தெரிஞ்சா நீ பயந்து நிறுத்திடுவேன்னு.”

“எனக்குத் தெரியும். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைத் தொறந்த வாரமே டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் உங்கிட்ட சொல்ல வேணாம்னேன். நீ அருவருப்புப்பட்டுத் தொடாம விட்டுடுவியோன்னு.”

அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு கையை அவள் தோளில் வைத்தான். “சரி, அழாத. என்னைக் காப்பாத்தணும்னுதானே செஞ்சே” என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தக் கை தோளில் கிடந்த கனத்தில், மீதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

“டீச்சர் வந்தா. ஊருக்குப் போறதுக்கு முந்தின வாரம். இதே நாற்காலியிலதான் உக்காந்தா. ஒன்னைக் கூட்டிட்டுப் போறேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கன்னா. நோயாளியா இருந்தாலும் பரவாயில்லன்னா. நான் சொல்லலை.”

“ஏன்?”

“நீ போயிடுவியேன்னு.”

தோளிலிருந்து கை எடுக்கப்பட்டது. கோபமாக இல்லை, தப்பான வீட்டின் அழைப்பு மணியிலிருந்து விரலை எடுக்கிற மாதிரி. அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் எழுந்து வந்து மாத்திரைப் புட்டியையும் டப்பாவையும் எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனான்.

அதற்கப்புறமும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவன் வேலைக்குத் திரும்பினான். பால் தீர்ந்துவிட்டது, சாவி இங்கே இருக்கிறது, மழை வரும் போலிருக்கிறது என்பதையெல்லாம் பேசிக்கொண்டார்கள். அவள் சமைத்தாள், அவன் சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான். ஐம்பதாயிற்று, ஐம்பத்து மூன்றாயிற்று. கன்னம் திரும்பி வந்தது. அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள், தம்பி தேறிட்டாரே என்று அவளிடம் வந்து சந்தோஷப்பட்டார்கள். அவள் ஆமாம் என்றாள். இருபத்து நாலு வருஷமாக அவள் வேண்டிக்கொண்டது இதைத்தான். இப்போது அவன் மேல் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும், போன மூன்று மாதமும் அவன் எப்படி இருந்திருக்கலாம் என்று அவள் கண் முன்னால் காட்டிக்கொண்டிருந்தது.

கேன்டீனில் இப்போதெல்லாம் யாரும் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதில்லை. சுவரில் நோட்டீஸ் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. ஒருநாள் அண்டா முன்னால் அவள் ஊசியைக் குத்திவிட்டு முள்ளைப் பார்க்க மறந்து நின்றிருந்தாள். “என்னக்கா, பரீட்சைக்குப் படிக்கறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வெல்டிங்காரன் தட்டோடு தாண்டிப் போனான்.

இருபதாம் தேதி வந்தது. அவன் வழக்கம் போல வேலைக்குப் போய், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினான். கை கால் கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். சட்டைப் பையிலிருந்து மூன்று மாத்திரைகளை எடுத்து முதல் வாயோடு விழுங்கினான். தட்டு காலியானதும், “இன்னும் கொஞ்சம்” என்றான். வைத்தாள். அதுவும் காலியானது. “இன்னும்” என்றான். மூன்றாவது முறை வைத்தபோது, மெல்லாமலே விழுங்குவதைப் பார்த்து, ஒன்பது வயதிலிருந்து அவனிடம் சொல்லி வந்தது அவளையறியாமல் வாயில் வந்துவிட்டது.

“மெதுவாச் சாப்பிடுடா.”

அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான். தலை நிமிரவில்லை. கைகளை மேசையின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவன் போலக் காத்திருந்தான். எதற்கு என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதற்குப் பிறகுதான் கரண்டி தட்டில் மறுபடி உரசத் தொடங்கியது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை, குழாயைத் திறக்காமல், பாத்திரத்தைக் கீழே வைக்காமல், அவள் அங்கேயே நின்றிருந்தாள்.